சப்குவெரி சிக்கல்கள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

பில்லிங், இருப்புக் கணக்கு, சம்பளப் பட்டியல் என எந்த மென்பொருளாக இருந்தாலும், அதன் அறிக்கைப் பக்கம் ஒரு நாள் திடீரென்று திணறத் தொடங்கினால், பெரும்பாலும் அதன் அடியில் ஒரு சப்குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்விக்குள் (குவெரி) எழுதப்பட்ட இன்னொரு கேள்வி, இருக்கும். சரி செய்ய வருபவர்களில் பலர் குவெரியைப் பார்த்த உடனேயே அதை ஜாயினாக (டேபிள்களைப் பொதுவான புலத்தால் இணைக்கும் வடிவம்) மாற்றி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். சில நேரம் அது பலன் தருகிறது. பல நேரம் வேகம் அப்படியே இருக்க, விடை மட்டும் மாறிப்போகிறது. உள் குவெரி எத்தனை முறை ஓடுகிறது என்ற எண்ணைப் பார்க்காமல் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம் என்பதே இந்த வழிமுறை முழுவதிலும் நான் வற்புறுத்துவது.

எடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஒரு மொத்த வியாபாரத் தரவுத்தளத்தைச் சார்ந்தவை. அதில் வாடிக்கையாளர், பில், ரசீது என்று மூன்று டேபிள்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்லப்படும் சோதனைகள் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களுக்குமானவை. வேறுபடும் இடங்களில் தனியாகக் குறித்திருக்கிறேன்.

## எந்த அறிகுறிக்கும் முதலில் செய்ய வேண்டியவை

தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சப்குவெரியைப் பொறுத்தவரை பதிப்பு மாறினால் நடத்தையே மாறிவிடுகிறது. மைஎஸ்கியூஎல் 5.5 வரை, ‘இன்’ என்ற சொல்லுக்குள் எழுதப்பட்ட சப்குவெரி வெளிக் குவெரியின் ஒவ்வொரு பதிவுக்கும் மறுபடி மறுபடி ஓடியது. 2013-இல் வந்த 5.6 பதிப்புதான் அதை செமி ஜாயினாக (பொருந்தும் பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஜாயின்) மாற்றவும், விடையை ஒருமுறை சேமித்து வைத்துப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டது. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்பதை ஆன்டி ஜாயினாக (பொருந்தும் பதிவு இல்லாதவற்றை மட்டும் தரும் ஜாயின்) மாற்றும் திறன் 8.0.17-இல்தான் வந்தது. எனவே இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரை உங்கள் பதிப்புக்குப் பொருந்தாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

அடுத்து, மெதுவாக ஓடிய அதே குவெரியை, அன்று கொடுக்கப்பட்ட அதே தேதி, அதே கிளை எண்ணுடன் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ போட்டு ஓட்டுங்கள். குவெரி எந்தப் படிகளில் ஓடியது என்ற திட்டத்தையும் ஒவ்வொரு படியின் நேரத்தையும் அது காட்டும். மைஎஸ்கியூஎல்லில் இந்தக் கட்டளை 8.0.18 முதல் உண்டு; அதற்கு முந்தைய பதிப்பில் வெறும் ‘எக்ஸ்பிளெய்ன்’ மட்டுமே கிடைக்கும். ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ குவெரியை உண்மையாகவே ஓட்டுகிறது என்பதை மறக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸில் நீக்கும் குவெரிக்கு முன் அதைப் போட்டால் பதிவுகள் நீங்கிவிடும். ஆகவே ‘பிகின்’ என்று ஒரு டிரான்ஸாக்ஷனைத் (ஒன்றாக உறுதியாகும் அல்லது ஒன்றாக ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கி, பார்த்து முடித்ததும் ‘ரோல்பேக்’ (மாற்றங்களை ரத்து) செய்யுங்கள்.

## அறிகுறி 1: உள் குவெரி தனியாக ஓடினால் நொடியில் முடிகிறது; முழுக் குவெரி நிமிடக் கணக்கில் நிற்கிறது

எல்லாவற்றிலும் அதிகமாக வருவது இதுதான். ஒருமுறை ஓடும்போது தெரியாத சுமை, நாற்பதாயிரம் முறை ஓடும்போது தெரிகிறது.

போஸ்ட்கிரெஸ் தரும் திட்டத்தில் ‘சப்பிளான்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குக் கீழே உள்ள வரியில் நேரம் 11.5 மில்லிவிநாடி என்றும், அதே வரியின் கடைசியில் ‘லூப்ஸ்’ 40000 என்றும் இருப்பதாகக் கொள்வோம். 11.5 என்பது சிறிய எண்ணாகத் தோன்றுவதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் அங்கே காட்டப்படுவது ஒரு சுற்றுக்கான சராசரி நேரம். அதை 40000-ஆல் பெருக்கினால் 460 விநாடி, அதாவது 7 நிமிடம் 40 விநாடி. குவெரி நின்ற நேரம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. அதே இடத்தில் ‘இனிட்பிளான்’ என்று இருந்தால் உள் குவெரி ஒரே முறைதான் ஓடியிருக்கிறது என்று பொருள். அப்போது சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. ‘ஹேஷ்டு சப்பிளான்’ என்று இருந்தாலும் உள் குவெரி ஒருமுறைதான் ஓடி, விடை நினைவகத்தில் ஹேஷ் டேபிளாக (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) வைக்கப்பட்டிருக்கிறது.

மைஎஸ்கியூஎல்லில் பார்க்க வேண்டிய சொல் ‘டிபெண்டென்ட் சப்குவெரி’. அந்தச் சொல் இருப்பதாலேயே பதற வேண்டியதில்லை. அதே வரியில் அணுகுமுறை ‘ரெஃப்’ அல்லது ‘இக்யூ ரெஃப்’ என்று இருந்தால், ஒவ்வொரு முறையும் இண்டெக்ஸ் (பதிவை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் அட்டவணை) வழியே ஒன்றிரண்டு பதிவுகளை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்புகிறது. ‘ஆல்’ என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் முழு டேபிளையும் படிக்கிறது என்று பொருள். அதைத்தான் சரி செய்ய வேண்டும்.

### 1அ: இணைக்கும் புலத்தில் இண்டெக்ஸ் இல்லை

முதலில் பார்க்க வேண்டியதும், செலவு குறைந்ததும் இதுவே. பில் டேபிளில் உள்ள வாடிக்கையாளர் எண் ஃபாரின் கீயாக (வேறொரு டேபிளின் பதிவைச் சுட்டும் புலம்) அறிவிக்கப்பட்டிருப்பதால் அதற்கு இண்டெக்ஸும் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சின் அப்படித் தானாகவே உருவாக்குகிறது, போஸ்ட்கிரெஸ் உருவாக்குவதில்லை. டேபிளின் விவரத்தைத் திறந்து கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இல்லையென்றால் உருவாக்குங்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் கட்டினால், கட்டி முடியும் வரை அந்த டேபிளில் புதிய பில் பதிய முடியாது. ‘கன்கரன்ட்லி’ என்ற சொல்லைச் சேர்த்துக் கட்டினால் எழுதுவது தடைபடாது. அந்தக் கட்டளையை டிரான்ஸாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது. இடையில் அறுந்துபோனால் பயன்படாத அரைகுறை இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். அதை நீக்கிவிட்டு மறுபடியும் கட்ட வேண்டும்.

### 1ஆ: இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் பயன்படவில்லை

இரு பக்கமும் உள்ள புலங்களின் வகையை ஒப்பிடுங்கள். ஒரு டேபிளில் வாடிக்கையாளர் எண் முழு எண்ணாகவும் மற்றொன்றில் எழுத்துச் சரமாகவும் இருந்தால், மைஎஸ்கியூஎல் எந்தப் பிழையும் சொல்லாமல் ஒப்பிடும். ஆனால் எழுத்துச் சரப் புலத்தின் இண்டெக்ஸைப் பயன்படுத்தாது. போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்தும். அதை அடக்குவதற்காக யாரோ ஒருவர் புலத்தின் மேல் வகைமாற்றத்தைப் போட்டிருப்பார். அந்த வகைமாற்றமே இண்டெக்ஸைப் பயனற்றதாக்கும். நிரல் பக்கத்திலிருந்து தசம எண்ணாக வரும் மதிப்பை, ‘பிக்இன்ட்’ (பெரிய முழு எண்) வகைப் புலத்தோடு ஒப்பிடும்போதும் போஸ்ட்கிரெஸில் இதே கதைதான். புலத்தின் பக்கம் மாற்றப்பட்டுவிடும்.

மைஎஸ்கியூஎல்லில் பழைய டேபிள் ‘யூடிஎஃப்8எம்பி3’ எழுத்துத் தொகுதியிலும், பின்னால் சேர்த்த டேபிள் ‘யூடிஎஃப்8எம்பி4’ தொகுதியிலும் இருப்பது மிகவும் சாதாரணம். அவற்றை ஒப்பிடும்போது பழைய டேபிளின் புலம் மாற்றப்படுவதால் அதன் இண்டெக்ஸ் வீணாகிறது. குவெரியில் எதையும் மாற்றித் தீர்வு தேடாமல், டேபிளின் எழுத்துத் தொகுதியை மாற்றுவதே நிலையான வழி. பெரிய டேபிள் என்றால் அதை இரவில், காப்புப்பிரதி எடுத்த பிறகு செய்யுங்கள்.

புலத்தின் மேல் ஃபங்ஷன் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பில் நேரத்திலிருந்து தேதியை மட்டும் வெட்டியெடுத்து ஒப்பிடுவதைக் காட்டிலும், அந்த நாளின் தொடக்கத்துக்குச் சமமாக அல்லது பிறகும், மறுநாளின் தொடக்கத்துக்கு முன்பும் என்று எல்லையாக எழுதினால் இண்டெக்ஸ் பயன்படும்.

### 1இ: ‘ஆர்’ என்ற சொல் பாதையை மறிக்கிறது

“நிலுவை உள்ளவர், அல்லது இந்த மாதம் பில் போட்டவர்” என்பது போன்ற நிபந்தனையில், ‘எக்ஸிஸ்ட்ஸ்’ சப்குவெரி ‘ஆர்’ என்பதன் ஒரு பக்கத்தில் அமர்ந்துவிட்டால், போஸ்ட்கிரெஸ் அதைச் செமி ஜாயினாக மாற்றுவதில்லை, சப்பிளானாகவே விட்டுவிடுகிறது. இரண்டு நிபந்தனைகளையும் இரண்டு தனிக் குவெரிகளாக எழுதி ‘யூனியன்’ கொண்டு சேர்த்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் முதன்மைக் கீ தேர்ந்தெடுக்கப்படும் புலங்களில் இருக்கட்டும்; இல்லாவிட்டால் ஒரே பெயரும் ஊரும் கொண்ட இருவரை ‘யூனியன்’ ஒருவராகச் சுருக்கிவிடும்.

### 1ஈ: ‘செலக்ட்’ பட்டியலில் வரிசையாகச் சப்குவெரிகள்

மொத்த பில் தொகை, பில் எண்ணிக்கை, கடைசி பில் தேதி, சராசரி என்று நான்கு சப்குவெரிகள் ஒரே பில் டேபிளைத் தனித்தனியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸ் இவற்றைத் தானாக ஜாயினாக மாற்றித் தருவதில்லை. பில் டேபிளை வாடிக்கையாளர் எண்ணால் ‘குரூப் பை’ செய்து, நான்கு கணக்குகளையும் ஒரே முறையில் எடுத்து, ‘லெஃப்ட் ஜாயின்’ (பொருத்தம் இல்லாத வாடிக்கையாளரையும் விடாத ஜாயின்) மூலம் இணைப்பது சரியான வழி.

எல்லா இடத்திலும் இப்படி மாற்றிவிடக் கூடாது. திரையில் ஒரு பக்கத்துக்கு 20 வாடிக்கையாளர்களை மட்டும் காட்டும் குவெரியாக இருந்து, அது பெயரால் வரிசைப்படுத்தப்பட்டு, பெயருக்கு இண்டெக்ஸும் இருந்தால், சப்குவெரிகள் 20 முறை மட்டுமே ஓடும். அங்கே ‘குரூப் பை’ ஜாயினாக மாற்றினால், அந்த 20 பேருக்காக முழு பில் டேபிளையும் கூட்டிப் பார்க்க நேரிடும். வேகமாக இருந்த பக்கத்தை நல்ல எண்ணத்தோடு மெதுவாக்கிய மாற்றங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் வரிசைப்படுத்துவதே அந்தச் சப்குவெரியின் விடையால்தான், அதாவது நிலுவை அதிகமுள்ளவர் முதலில் என்றால், எல்லா வாடிக்கையாளருக்கும் கணக்கிட்டாக வேண்டும். அப்போது ‘குரூப் பை’ முறையே வெல்லும்.

### 1உ: இருக்கிறதா என்று கேட்பதற்கு எண்ணிப் பார்ப்பது

எண்ணிக்கை பூஜ்யத்தைவிட அதிகமா என்று கேட்கும் சப்குவெரியை ‘எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். முந்தையது கடைசிப் பதிவு வரை எண்ணும். பிந்தையது முதல் பதிவு கிடைத்ததும் நின்றுவிடும். ‘எக்ஸிஸ்ட்ஸ்’ சப்குவெரிக்குள் நட்சத்திரக் குறி போடுவதா 1 போடுவதா என்பதில் வேகத்தைப் பொறுத்தவரை வேறுபாடு எதுவும் இல்லை.

வல்லுநரை அழைக்க வேண்டிய நிலை: இண்டெக்ஸ் பயன்படுகிறது, சுற்றுகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு சுற்றும் மெதுவாக இருக்கிறது என்றால், சிக்கல் வட்டின் வேகத்திலோ, நினைவகத்திலோ, வேறொரு டிரான்ஸாக்ஷன் பிடித்து வைத்திருக்கும் பூட்டிலோ இருக்கலாம். அங்கே குவெரியைத் திருத்திப் பயன் இல்லை. தரவுத்தள நிர்வாகியிடம் திட்டத்தைக் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 2: பதிவுகள் இருக்க வேண்டும் என்று தெரியும், குவெரி ஒன்றைக்கூடத் தரவில்லை

மெதுவான குவெரியைப் பயனாளர் கண்டுபிடித்துவிடுவார். தவறான விடை தரும் குவெரியை யாரும் கண்டுபிடிக்காமலே மாதக் கணக்கில் அறிக்கை போய்க்கொண்டிருக்கும். ஆகவே இதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

### 2அ: ‘நாட் இன்’ பட்டியலுக்குள் ‘நல்’ நுழைந்திருக்கிறது

பில் போடாத வாடிக்கையாளர்களைக் கேட்கும் குவெரி, வாடிக்கையாளர் எண் பில் டேபிளில் ‘நாட் இன்’ என்று எழுதப்பட்டிருக்கும். கவுன்டரில் பெயர் இல்லாமல் ரொக்க விற்பனை செய்தபோது, அந்த பில்லின் வாடிக்கையாளர் எண் ‘நல்’ (மதிப்பு இல்லை என்ற குறி) ஆகப் பதிவாகியிருக்கும். பட்டியலில் 3, 5, ‘நல்’ ஆகிய மூன்றும் இருப்பதாகக் கொள்வோம். வாடிக்கையாளர் எண் 7 அதில் இல்லையா என்று தரவுத்தளம் பார்க்கிறது. 3 இல்லை, 5 இல்லை. ‘நல்’ என்பது 7-தானா இல்லையா என்று சொல்ல முடியாது. விடை “தெரியாது” என்று ஆகிறது. “தெரியாது” என்றாகும் பதிவை ‘வேர்’ நிபந்தனை விலக்கிவிடுகிறது. எண் 8-க்கும் 9-க்கும் இதே நிலைதான். ஆயிரக்கணக்கான பில்களில் ஒரே ஒரு ‘நல்’ போதும், அறிக்கை முழுவதும் காலியாகிவிடும்.

சோதனை எளிது. உள் குவெரியைத் தனியாக எடுத்து, அதன் புலம் ‘நல்’ ஆக உள்ள பதிவுகளை எண்ணுங்கள். ஒன்று இருந்தாலும் காரணம் உறுதி.

தீர்வாக ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றி எழுதுங்கள். உள் குவெரியில் ‘நல்’ அல்லாதவை மட்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தாலும் விடை சரியாகும். ஆனால் போஸ்ட்கிரெஸில் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ ஆன்டி ஜாயினாக மாறி வேகமும் கூடுகிறது என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: வெளிப்பக்கப் புலமே ‘நல்’ ஆக இருக்கக்கூடியது என்றால், ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ அந்தப் பதிவையும் விடையில் சேர்த்துக் கொடுக்கும். அது வேண்டுமா வேண்டாமா என்பதை அறிக்கையைக் கேட்டவர்தான் சொல்ல வேண்டும்.

### 2ஆ: புலத்தின் பெயர் வெளி டேபிளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது

விடை காலியாக இல்லாமல், வடிகட்டப்படாமல் எல்லாப் பதிவுகளும் வருகின்றன என்றால் இதைச் சோதியுங்கள். உள் டேபிளில் ‘குறியீடு’ என்ற பெயரில் உள்ள புலத்தை, பழக்கத்தில் ‘வாடிக்கையாளர் எண்’ என்று எழுதிவிட்டால், பிழைச் செய்தி எதுவும் வராது. உள் டேபிளில் இல்லாத பெயரை வெளி டேபிளில் தேடி எடுத்துக்கொள்வது எஸ்கியூஎல் தரத்தின் விதி. விளைவாக, வாடிக்கையாளர் எண் அதே வாடிக்கையாளர் எண்ணுக்குச் சமமா என்று கேட்டதாகிவிடுகிறது. உள் டேபிளில் ஒரு பதிவாவது இருந்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள்.

உள் குவெரியைத் தனியாக ஓட்டுங்கள். அப்படி ஒரு புலம் இல்லை என்று பிழை வந்தால் காரணம் இதுதான். சப்குவெரிக்குள் ஒவ்வொரு புலத்தின் முன்னும் டேபிளின் சுருக்கப் பெயரை எழுதும் பழக்கம் ஒன்றே இதிலிருந்து காக்கும். என் கண்ணில் அது விருப்பத்தைப் பொறுத்த விஷயமே அல்ல.

## அறிகுறி 3: “சப்குவெரி ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளைத் தருகிறது” என்ற பிழை

மைஎஸ்கியூஎல்லில் 1242, போஸ்ட்கிரெஸில் 21000, ஆரக்கிளில் 01427, எஸ்கியூஎல் சர்வரில் 512 என்ற எண்களோடு வருவது இந்தப் பிழைதான். நேற்று வரை ஓடிய குவெரி இன்று இப்படி நின்றால், குவெரி மாறவில்லை, தரவு மாறியிருக்கிறது.

உள் குவெரியை இணைக்கும் புலத்தால் ‘குரூப் பை’ செய்து, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். இரட்டைப் பதிவு தவறாக நுழைந்திருந்தால், அதை நீக்கிவிட்டு யூனிக் கட்டுப்பாட்டைப் போடுங்கள். இரண்டு பதிவுகள் இருப்பது நியாயமே என்றால், அவற்றில் எது வேண்டும் என்பதை வரிசையோடு சொல்ல வேண்டும். ‘ஆர்டர் பை’ இல்லாமல் ‘லிமிட் 1’ மட்டும் போட்டுப் பிழையை வாயடைக்கும் வழியை எடுக்காதீர்கள். எந்தப் பதிவு வரும் என்பதற்கு அதன் பிறகு எந்த உறுதியும் இல்லை. பணத் தொகை சம்பந்தப்பட்ட இடத்தில் அது பெரிய தீங்கு.

## அறிகுறி 4: சப்குவெரியை ஜாயினாக மாற்றியதும் எண்ணிக்கை மாறிவிட்டது

### 4அ: கூடிவிட்டது

‘இன்’ என்பது இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. ஜாயின் பொருந்தும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு தருகிறது. ஐந்து பில் போட்டவர் ஐந்து முறை வருவார். இதன் மேல் ‘டிஸ்டிங்க்ட்’ போட்டு மறைப்பது, பதிவுகளைப் பெருக்கிவிட்டுப் பிறகு வரிசைப்படுத்திக் குறைக்கும் வீண் வேலை. மறுபடியும் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ அல்லது ‘இன்’ வடிவத்துக்கே திரும்புங்கள். இன்றைய பதிப்புகள் இரண்டையும் செமி ஜாயினாகவே ஓட்டுகின்றன. பில், ரசீது ஆகிய இரண்டையும் ஒரே வாடிக்கையாளரோடு ஜாயின் செய்து தொகைகளைக் கூட்டினால் இன்னும் மோசம்: மூன்று பில்லும் இரண்டு ரசீதும் உள்ளவருக்கு ஆறு பதிவுகள் உருவாகி, பில் தொகை இரு மடங்காகவும் ரசீதுத் தொகை மும்மடங்காகவும் காட்டும். ஒவ்வொரு டேபிளையும் முதலில் தனியாகக் கூட்டி, பிறகு இணைக்க வேண்டும்.

### 4ஆ: குறைந்துவிட்டது

பில்லே இல்லாத வாடிக்கையாளருக்கு எண்ணும் சப்குவெரி 0 தரும். அதை ‘குரூப் பை’ ஜாயினாக மாற்றும்போது, அவருக்குத் தொகுப்பே உருவாகாது என்பதால், சாதாரண ஜாயினில் அவர் காணாமல் போவார். ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டாலும் 0 என்ற இடத்தில் ‘நல்’ வரும். ‘லெஃப்ட் ஜாயின்’, அதோடு ‘கோயலெஸ்’ கொண்டு 0 ஆக்குதல், இரண்டும் சேர்ந்தே தேவை. 1982-இல் உள்ளமைந்த குவெரிகளை ஜாயினாக மாற்றும் முறையை ஆய்வாளர் வோன் கிம் வெளியிட்டபோது, அந்த முறையிலேயே இந்த ஓட்டை இருந்தது பின்னர் கண்டறியப்பட்டது. ‘கவுண்ட் பக்’ என்று இன்றும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் இந்தப் பிழை, அனுபவமுள்ளவர் கையிலும் வருவதற்கு அதுவே போதிய சான்று.

## அறிகுறி 5: சோதனைத் தளத்தில் வேகம், உண்மைத் தளத்தில் மெதுவு, அல்லது நேற்று வேகம், இன்று மெதுவு

### 5அ: புள்ளிவிவரம் பழையது

திட்டத்தில் எதிர்பார்த்த பதிவு எண்ணிக்கையையும் உண்மையில் வந்த எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். 1 என்று எதிர்பார்த்து 50000 வந்திருந்தால், டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் ‘அனலைஸ்’ கட்டளையை அந்த டேபிளுக்கு ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். போஸ்ட்கிரெஸில் தானியங்கிச் செயல், இயல்பான அமைப்பில் சுமார் 10 விழுக்காடு பதிவுகள் மாறிய பிறகே இதைச் செய்யும். தற்காலிக டேபிள்களை அது தொடுவதே இல்லை. ஆகவே இறக்குமதிக்காக தற்காலிக டேபிளை நிரப்பி அதைச் சப்குவெரியில் பயன்படுத்தினால், நிரப்பிய உடனே நீங்களே ‘அனலைஸ்’ செய்ய வேண்டும்.

### 5ஆ: ‘நாட் இன்’ பட்டியல் நினைவக எல்லையைத் தாண்டிவிட்டது

போஸ்ட்கிரெஸில் ‘நாட் இன்’ பட்டியல் நினைவகத்துக்குள் அடங்கும் என்று கணிக்கப்படும் வரை ‘ஹேஷ்டு சப்பிளான்’ ஆக வேகமாக ஓடும். அடங்காது என்று கணிக்கப்பட்ட நாளில் ‘ஹேஷ்டு’ என்ற சொல் மறைந்து, ஒவ்வொரு வெளிப் பதிவுக்கும் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து தேடும் முறைக்கு மாறிவிடும். படிப்படியாக மெதுவாகாமல் ஒரே நாளில் பலநூறு மடங்கு மெதுவானால் இதைச் சந்தேகியுங்கள். எல்லையைத் தீர்மானிக்கும் ‘வொர்க் மெம்’ அமைப்பின் இயல்பு மதிப்பு 4 எம்பி. ஹேஷுக்கு 15-ஆம் பதிப்பு முதல் அதில் இரு மடங்கு வரை அனுமதி உண்டு. அந்த ஒரு டிரான்ஸாக்ஷனுக்கு மட்டும் அதை உயர்த்தி ஓட்டிப் பார்த்தால் காரணம் உறுதியாகும். நிலையான தீர்வு ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’. அது ஆன்டி ஜாயினாக ஓடும்போது நினைவகம் போதாவிட்டால் வட்டில் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளும். ‘வொர்க் மெம்’ மதிப்பைச் சர்வர் முழுவதற்கும் உயர்த்திவிடாதீர்கள். ஒவ்வொரு இணைப்பும், ஒரு குவெரிக்குள்ளேயே பல படிகளும் அந்த அளவைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும்.

### 5இ: ‘வித்’ பகுதி தடுப்புச் சுவராக நிற்கிறது

போஸ்ட்கிரெஸ் 11 வரை, ‘வித்’ என்று தொடங்கும் பகுதி எப்போதும் வெளிக் குவெரியோடு கலக்காமல் தனியாகவே திட்டமிடப்பட்டு ஓடும். வெளியே உள்ள “ஒரே ஒரு வாடிக்கையாளர்” என்ற நிபந்தனை அதற்குள் இறங்காது. 2019-இல் வந்த 12 முதல், அந்தப் பகுதி ஒருமுறை மட்டுமே பயன்பட்டால் வெளிக் குவெரியோடு கலந்துவிடுகிறது. இரண்டு இடங்களில் பயன்படுத்தினால் பழைய நடத்தையே தொடரும். அப்போது ‘நாட் மெட்டீரியலைஸ்ட்’ என்று சேர்த்துப் பாருங்கள். சோதனைத் தளமும் உண்மைத் தளமும் இந்த எல்லையின் இரு பக்கம் இருந்தால், இரண்டின் வேகமும் ஒப்பிடத் தக்கதே அல்ல.

### 5ஈ: சில முறை வேகமாக ஓடி, பிறகு மெதுவாகிறது

மென்பொருள் வழியே ஓடும்போது மட்டும், முதல் ஐந்து முறை வேகமாகவும் அதன் பின் மெதுவாகவும் இருந்தால், போஸ்ட்கிரெஸ் பொதுத் திட்டத்துக்கு மாறியிருக்கலாம். தயார்செய்த குவெரியை ஐந்து முறை அந்தந்த மதிப்புக்கேற்பத் திட்டமிட்ட பிறகு, எல்லா மதிப்புக்கும் பொதுவான திட்டம் போதும் என்று அது முடிவெடுக்கக்கூடும். ‘பிளான் கேஷ் மோட்’ அமைப்பைத் தனித் திட்டத்துக்கு வைத்து ஓட்டிப் பாருங்கள்.

வல்லுநரை அழைக்க வேண்டிய நிலை: ‘அனலைஸ்’ செய்த பிறகும் கணிப்பும் உண்மையும் நூறு மடங்கு விலகி நின்றால், புலங்களுக்கிடையே உள்ள தொடர்பைச் சொல்லும் கூடுதல் புள்ளிவிவரமோ டேபிள் பிரிப்போ தேவைப்படலாம். மைஎஸ்கியூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது; இன்னும் அதில் இருப்பவர்கள் குவெரியைத் திருத்துவதற்குச் செலவிடும் உழைப்பைப் பதிப்பு உயர்வுக்குச் செலவிடுவது மேல்; அதையும் அனுபவமுள்ள நிர்வாகி உடன் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

## அறிகுறி 6: ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசி பில் என்ற அறிக்கை நகர மறுக்கிறது

அந்த வாடிக்கையாளரின் அதிகபட்ச தேதிக்குச் சமமான பில் என்று சப்குவெரியாக எழுதப்பட்டிருக்கும். முதலில் வாடிக்கையாளர் எண், பில் தேதி, பில் எண் ஆகிய மூன்றும் இதே வரிசையில் சேர்ந்த ஒரே இண்டெக்ஸைக் கட்டுங்கள். தேதிக்கு மட்டும் தனி இண்டெக்ஸ் இருந்தால் இங்கே உதவாது. பல இடங்களில் இந்தப் படியோடு வேலை முடிந்துவிடும். ஒரே தேதியில் இரண்டு பில் இருந்தால் இரண்டும் வரும் என்ற குறை மட்டும் மிஞ்சும்.

அதன் பிறகும் மெதுவாக இருந்தால், தரவின் உருவத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடிக்கையாளர் சிலநூறு பேர், ஒவ்வொருவருக்கும் பில் ஆயிரக்கணக்கில் என்றால், ‘லேட்டரல்’ ஜாயினில் (ஒவ்வொரு வெளிப் பதிவுக்கும் உள் குவெரியைத் தனியாக ஓட்டும் ஜாயின்) தேதியால் இறங்குவரிசையிட்டு ஒன்றை மட்டும் எடுப்பது சிறந்தது, போஸ்ட்கிரெஸில் 9.3 முதலும் மைஎஸ்கியூஎல்லில் 8.0.14 முதலும் அது உண்டு. வாடிக்கையாளர் லட்சக்கணக்கில், ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பில் மட்டுமே என்றால், பதிவுகளுக்கு வரிசை எண் இடும் ‘ரோ நம்பர்’ என்ற விண்டோ ஃபங்ஷன் மூலம் டேபிளை ஒரே முறை கடந்து செல்வது சிறந்தது.

## அறிகுறி 7: சப்குவெரியுடன் கூடிய நீக்கும் அல்லது திருத்தும் குவெரி

### 7அ: மைஎஸ்கியூஎல் 1093 என்று மறுக்கிறது

எந்த டேபிளில் நீக்குகிறீர்களோ அதையே சப்குவெரியில் படிக்க முடியாது என்கிறது. சப்குவெரியை இன்னொரு அடைப்புக்குள் வைத்துப் பெயரிட்டுத் தப்பிக்கும் வழி, 5.7 முதல் எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. உள் டேபிளை வெளியோடு கலந்துவிடும் மேம்பாட்டால் பிழை மறுபடியும் வரலாம். இரண்டு டேபிள் ஜாயினோடு நீக்கும் வடிவத்தில் எழுதுவதே நேரான வழி.

### 7ஆ: எதிர்பார்த்ததைவிட அதிகப் பதிவுகள் நீங்கிவிட்டன

2ஆ பகுதியில் சொன்ன பெயர்க் குழப்பம் நீக்கும் குவெரியில் நேர்ந்தால், டேபிளே காலியாகிவிடும். டிரான்ஸாக்ஷன் இன்னும் திறந்திருந்தால் உடனே ‘ரோல்பேக்’ செய்யுங்கள். ‘பிகின்’ என்று தொடங்காமல் ஓட்டியிருந்தால், இயல்பான அமைப்பில் அது ஏற்கெனவே உறுதியாகியிருக்கும்.

அந்த நிலையில் நீங்களாக எதையும் முயலக் கூடாது. அந்த டேபிளில் எழுதும் மென்பொருளை நிறுத்துங்கள். குவெரி ஓடிய நேரத்தை நிமிடம் விநாடியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டிய குவெரியின் முழு வடிவத்தையும் சேமித்து வையுங்கள். உடனே நிர்வாகியை அழையுங்கள். போஸ்ட்கிரெஸின் ‘வால்’ கோப்புகளும் (மாற்றங்கள் எல்லாம் பதியப்படும் குறிப்புகள்) முந்தைய அடிப்படைக் காப்புப்பிரதியும் இருந்தால், அல்லது மைஎஸ்கியூஎல்லின் முந்தைய காப்புப்பிரதியும் அதன் பின் தொடர்ந்து சேமிக்கப்பட்ட பைனரி லாக்கும் (அதே போன்ற மாற்றக் குறிப்பு) இருந்தால், அந்த நொடிக்குச் சற்று முன் இருந்த நிலையை வேறொரு சர்வரில் மீட்டெடுத்து, விடுபட்ட பதிவுகளை மட்டும் கொண்டுவர முடியும். பழைய காப்புப்பிரதியை அவசரத்தில் உண்மைத் தளத்தின் மேலேயே ஏற்றினால், அதற்குப் பிறகு பதிவான பில்களும் சேர்ந்து அழியும்.